கூதிர்ப்பாசறையும் கம்பளியும்: மடுல்சீமைக் குளிரின் சமூக வரலாறு குறித்த சில சிந்தனைகள்

தமிழிலக்கியத்திலே பருவகாலங்கள் பெறும் இடம் பற்றிப் பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பாகுபாட்டை ஆதாரமாகக் கொண்டு, குளிரையும் மழையையும் தலைவியின் பிரிவுத் துயருக்குப் பின்னணியாக மட்டும் காண்பது அவற்றுட் பெரும்பாலானவற்றின் இயல்பாகும். ஆனால், குளிர் வெறும் உணர்ச்சியன்று. உடல் தாங்கவேண்டிய பௌதிக நிலை அது. அதனைத் தாங்குவதற்குக் கூரை வேண்டும், போர்வை வேண்டும், விறகு வேண்டும். இவை யாவும் உழைப்பினாற் பெறப்படுவன. ஆகவே, ஒரு சமுதாயத்தில் விறகைச் சுமப்பவர் யார், தீயருகே அமர்பவர் யார் என்னும் வினா, அச்சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளைப் பற்றிய வினாவாகவும் அமைந்துவிடுகின்றது.

இவ்வினா என் மனத்தில் எழுந்தது நூலகத்திலன்று. சில ஆண்டுகளுக்கு முன், தை மாத முற்பகுதியில், பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. மடுல்சீமைக்கு அப்பால், பிட்டமாறுவைப் பக்கத்தில், மலை திடீரென முடிந்து மகியங்கனைச் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக விழும் விளிம்பொன்றுண்டு. 'சிறிய உலக முடிவு' என்று அதனை அழைப்பர். வைகறையில் முகிற்கடலின் மேற் சூரியன் எழுவதைக் காணவேண்டிக் கொழும்பு முதலாய நகரங்களிலிருந்து இளைஞர் பலர் அங்கு வந்து கூடாரமிட்டுத் தங்குகின்றனர். நிறம் நிறமான நைலோன் கூடாரங்கள். அவற்றின் வாயிலிலே சிறிய எரிவாயு அடுப்புகள். குளிர் அவர்களுக்கு ஓர் அனுபவம். விலை கொடுத்துப் பெற்ற அனுபவம் என்பது இன்னும் பொருந்தும். விளிம்பிலிருந்து திரும்பி வரும் பாதையிலே, தலையில் மிலாற்றுக் கட்டுடன் பெண்ணொருத்தி எதிர்ப்பட்டாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கழிக்கப்படும் கிளைகளே மிலாறு. தோட்டத்து அடுப்புகள் பெரும்பாலும் அதனாலேயே எரிகின்றன. ஒரே மலையில், ஒரே குளிரில் இருவகைத் தீ எரிவதை அன்று கண்டேன். அவ்விரண்டும் எவ்வாறு பிரிந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்டிலே பாசறை அமைத்துக் குளிரை எதிர்கொள்ளல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல், வாகைத் திணையின் துறைகளுள் கூதிர்ப்பாசறையையும் வேனிற்பாசறையையும் சேர்த்து எண்ணுகின்றது. பத்துப்பாட்டில் இரு பாட்டுகள் இவ்விடத்து முக்கியமானவை. நப்பூதனாரின் முல்லைப்பாட்டிலே பாசறை எவ்வாறு தோன்றுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். முதலில் காட்டுச் செடிகள் வெட்டப்படுகின்றன. அங்கிருந்த வேட்டுவரின் சிற்றரண்கள் அழிக்கப்படுகின்றன. பின்னர் முள்வேலி எழுகின்றது. உள்ளே வீரருக்குத் தழை வேய்ந்த கூரை; அரசனுக்கோ யவனர் அமைத்த, மணிவிளக்கு எரியும் மனை. பாசறை என்பது ஊரைத் துறந்து சென்ற இடமாயினும், ஊரின் படிநிலைகளை அது துறக்கவில்லை. உரையாசிரியர்கள் அரசனின் துயிலாமையைப் பற்றி நிறையப் பேசினர். அழிக்கப்பட்ட வேட்டுவர் அரணைப் பற்றி அவர்கள் பேசாதது வியப்பன்று.

நெடுநல்வாடை இன்னும் கூர்மையான சான்று. நக்கீரரின் இப்பாட்டில், வெள்ளத்தால் மேட்டுநிலத்துக்குத் துரத்தப்பட்ட கோவலர் திறந்த வெளியிலே கொள்ளியைக் கையிலேந்திக் கன்னம் நடுங்க நிற்கின்றனர். நகரத்து மாந்தரோ குளிர்ந்த நீரை விலக்கி, அகன்ற வாயையுடைய தடவிலே நெருப்பு மூட்டிக் காய்கின்றனர். தடவு என்பது கணப்புச் சட்டி. ஒரே வாடைக்காற்று, ஒருவருக்குக் கையிலேந்திய கொள்ளி, மற்றவருக்கு அறைக்குள் வைத்த தடவு. பாட்டின் இறுதியில் அரசன் நள்ளிரவிற் பாசறையிலே புண்பட்ட வீரரைப் பார்த்து நடக்கின்றான். வீரயுகத்தின் தலைவன் தன் வீரரோடு ஒரே காற்றில் நிற்பதாகப் புலவர் காட்ட விரும்பியமை தெளிவு. எனினும், பாட்டின் தொடக்கத்திற் கோவலரின் நடுக்கத்தை அவர் மறைக்கவில்லை. பெரும்புலவர்களின் நேர்மை இத்தகையது. சார்பு அரசன்பால் இருப்பினும் கண் உலகின்பால் இருக்கும்.

கூடாரத்துக்குள் தீ மூட்டுவது தொழில்நுட்ப ரீதியிலும் எளிதன்று. தீ வெப்பத்தைத் தருவதற்குக் காற்றை உண்ணுகின்றது. புகையையும் நச்சுவாயுவையும் வெளிவிடுகின்றது. மூடிய கூடாரத்திற் கரியடுப்பு வைத்து உறங்கி மறுநாள் விழிக்காதோர் பல நாடுகளிலும் உளர். ஆகவே கணப்புக் கூடாரத்தின் வரலாறு உண்மையிற் புகைபோக்கியின் வரலாறே. வட அமெரிக்கச் சமவெளிகளின் சுதேச மக்கள் கூம்பு வடிவான தோற்கூடாரத்தின் உச்சியிற் புகை வெளியேற வழிவிட்டு, காற்றின் திசைக்கேற்பத் திருப்பக்கூடிய மடல்களையும் அமைத்து இதனைத் தீர்த்தனர். ஐக்கிய அமெரிக்கப் படையதிகாரி ஹென்றி சிப்லி என்பவர் அவ்வடிவத்தைப் பின்பற்றிய கூடாரத்துக்கு 1856இல் காப்புரிமை பெற்றார். சுமார் பன்னிரு வீரர் தங்கும் அக்கூடாரத்தின் நடுவே, அடிப்பாகமற்ற கூம்பு வடிவான இரும்புத் தகட்டு அடுப்பும் குழாயும் வைக்கப்பட்டன. யாருடைய அறிவைக் கொண்டு அக்கூடாரம் செய்யப்பட்டதோ, அம்மக்களின் நிலத்தைப் பறிக்கச் சென்ற படைகளே பின்னர் அதனுள் குளிர்காய்ந்தன.

இலங்கை மலைநாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. கண்டியரசின் படைவீரர் தாளிப்பனையோலையைச் சுமந்து சென்று, தங்குமிடத்தில் அதனையே கூடாரமாக நிறுத்தினர் என்பதை 1681இல் வெளியான ரொபேர்ட் நொக்ஸின் நூலால் அறிகின்றோம். ஓரோலை பலருக்கு நிழலாகும் என்று அவர் வியக்கின்றார். மழையைத் தாங்கும், மடித்தால் இலேசாகும், எரிந்தால் இழப்பில்லை. 1817-18இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸையிலும் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஊர்களையும் வயல்களையும் எரித்தே அடக்கினர். அதன்பின் ஊவாவின் காடுகளிற் கூடாரமிட்டோர் வேறு வகையினர். பதுளையில் அரசாங்க உத்தியோகம் வகித்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவரென்று கூறப்படுவார். 1845இல் அப்புத்தளையில் இடிவீழ்ந்து மாண்டார். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவிற் குடியேறி, 1854இலும் 1855இலும் வெளியிட்ட இரு நூல்களில் மலைக்காட்டு வேட்டையை விரிவாக எழுதினார். அவற்றைப் படிப்போர் காணத்தவறும் ஒன்றுண்டு. வனத்திலே தனித்து நின்ற வீரனாகத் தம்மைச் சித்திரிக்கும் துரைமாரின் பின்னே, கூடாரத்தையும் உணவையும் துப்பாக்கி மருந்தையும் தலையிற் சுமந்த ஒரு கூட்டம் எப்போதும் நடந்தது. அவர்கள் எங்கே படுத்தனர், எதைப் போர்த்தினர் என்பன வேட்டை இலக்கியத்தின் அக்கறைகளல்ல.

கோப்பிப் பயிர்ச்செய்கையோடு இக்கூடார வாழ்வு பொருளாதார அடித்தளம் பெற்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாக்கிற்று. ஏக்கர் ஐந்து சிலிங்காகவும், 1844இன் பின் இருபது சிலிங்காகவும் அவை விற்பனையாயின. நிலத்தை வாங்கிய துரை காட்டுக்குள் வந்தபோது அவனுக்கும் பங்களா இல்லை. மானாப்புல் வேய்ந்த குடிசையோ கூடாரமோதான் முதல் வதிவிடம். சரிவின் மரங்கள் முழுவதும் வெட்டப்படாமல் அரைகுறையாக வெட்டி நிறுத்தப்படும். பின் உச்சிவரிசையை வீழ்த்த, ஒன்றன்மேலொன்றாக மலையே சரிவதுபோல் மரங்கள் சாயும். கண்டிச் சிங்களக் கிராமத்தவர் பலர் இவ்வேலையை ஒப்பந்தமாகச் செய்தனர். காய்ந்தபின் தீயிடப்படும். மடுல்சீமையின் மலைகள் கண்ட மிகப் பெரிய தீ அதுதான். அத்தீயில் எவரும் குளிர்காயவில்லை.

அம்மலைகளுக்குத் தொழிலாளர் வந்தடைந்த வழி பலராலும் எழுதப்பட்டுவிட்டது. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நீண்ட காட்டுப்பாதையில், கொள்ளைநோய்க்கும் பட்டினிக்கும் இடையே நடந்து வந்தனர். ஊவாவுக்குச் செல்வோர் அதன்பின் இன்னும் மலைகளைக் கடக்கவேண்டும். இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றே. அவர்கள் புறப்பட்டது இராமநாதபுரம், திருச்சி, சேலம் போன்ற வெப்பநிலங்களிலிருந்து. அந்நிலத்து உடை இம்மலைக்கு உடையன்று. மடுல்சீமைப் பகுதி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ நான்காயிரம் அடி உயரத்திலுள்ளது. வடகீழ்ப் பருவக்காற்று கார்த்திகையிலிருந்து தை வரை இம்மலையின் கீழ்ப்புறத்தில் நேராக மோதுகின்றது. மழையும் குளிரும் இங்கு ஒன்றாக வருவன. நனைந்த உடலைக் காற்று உலர்த்தும்போது உடல் இழக்கும் வெப்பம், வரண்ட குளிரில் இழப்பதினும் பன்மடங்கு. மலைத்தோட்டங்களிற் பேதியும் நியுமோனியாவும் தொடர்ந்து உயிர்களைக் கொண்டுபோனமைக்குக் காரணம் தேடுவோர் 'கூலிகளின் அறியாமை'யை எடுத்துக்காட்டினர். நனைந்த துணி ஒன்று, மாற்றுத்துணி இல்லை, என்பதில் அறியாமைக்கு என்ன இடமுண்டு?

கம்பளி இங்கேதான் வரலாற்றுப் பாத்திரமாகின்றது. தென்னிந்தியாவிலிருந்து வந்த இம்முரட்டு ஆட்டுமயிர்ப் போர்வை தோட்டத்தால் வழங்கப்பட்டது. வழங்கப்பட்டது என்ற சொல்லைத் துரைமாரின் குறிப்புகள் விரும்பிக் கையாளும். ஆனால் அதன் விலை தொழிலாளியின் பேரிற் பற்றெழுதப்பட்டது. பகலிலே மழைக்குத் தலையிற் கொங்காணியாகவும், இரவிலே அதே ஈரத்தோடு போர்வையாகவும் பயன்பட்டது அக்கம்பளி. வழிச்செலவு, அரிசி, கம்பளி ஆகியன சேர்ந்தே கடனாகின. அக்கடன் துண்டாக எழுதப்பட்டுக் கங்காணியின் கைக்குப் போயிற்று. 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகவேண்டுமாயின் அக்கடனைப் புதிய தோட்டம் ஏற்கவேண்டும். வேறு வகையாகச் சொன்னால், குளிரே தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்த கயிற்றின் ஒரு புரியாயிற்று. வெப்பநிலத்து மனிதனுக்கு வெப்பத்தைக் கடனாகக் கொடுத்து அவன் உழைப்பை ஈடாகப் பெறும் இவ்வேற்பாட்டை, முதலாளித்துவத்தின் 'சுதந்திரக் கூலியுழைப்பு' என்று வர்ணிக்கும் பொருளியலாளர் இன்றும் உளர்.

இக்காலத்தின் இலக்கியக் குரல் எத்தகையது? ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் அச்சேறிற்று. மலையக இலக்கிய வரலாற்றின் முதற்பக்கத்தில் வைக்கப்படும் இந்நூல், கோப்பிச் செய்கையைப் புகழ்ந்து தொழிலாளரை உழைப்புக்கு ஊக்குவிப்பது. மக்களின் கும்மி வடிவம் முதலாளியின் பொருளை ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி இது. வடிவம் மக்களுடையதாயிருந்தால் உள்ளடக்கமும் மக்களுடையதாகிவிடும் என்று நம்பும் நண்பர்கள் இதனைச் சிந்தித்தல் நன்று. அதே 1869இல்தான், இதே மடுல்சீமையின் கல்லூலாத் தோட்டத்திலே கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் துவைற்ஸ் அனுப்பிய மாதிரியை ஆராய்ந்து பேர்க்லி அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். அப்பூஞ்சையின் வித்திகள் முளைப்பதற்கு இலையில் ஈரம் தேவை. மனிதரை நடுக்கிய மடுல்சீமை மூடுபனி கோப்பியையும் விடவில்லை. கும்மி வாழ்த்திய பயிர், அடுத்த இருபதாண்டுக்குள் தீவின் பொருளாதாரத்திலிருந்து அகன்றது.

கோப்பி போய்த் தேயிலை வந்தமை வெறும் பயிர்மாற்றமன்று. நமது பொருளுக்கு அதுவே திருப்புமுனை. கோப்பிக்கு ஆட்பலம் பெரிதும் அறுவடைக் காலத்திலேயே தேவைப்பட்டது. வந்தோர் பெரும்பாலும் ஆண்கள். வேலை முடியத் திரும்பினர். அவர்களுக்கென நீண்ட கொட்டகையை அறை அறையாகத் தடுத்து லயம் அமைக்கப்பட்டது. அது பாசறையேதான், பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போவோரின் தங்குமிடம். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. பெண்களின் விரல்கள் நாள்தோறும் தேவைப்பட்டன, குடும்பங்கள் வந்தன, குழந்தைகள் அங்கேயே பிறந்தன. மனிதர் நிலையாயினர், கொட்டகை மட்டும் பாசறையாகவே நின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற காம்பராவின் அளவு, மூன்று தலைமுறை சேர்ந்து உறங்கும் வீடாகியது. மண்சுவர் கற்சுவராயிற்று, புல்லுக்கூரை தகரக்கூரையாயிற்று. தகரம் மழையைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது, இரவில் உள்ளிருக்கும் வெப்பத்தை மிக விரைவில் வானுக்குக் கொடுத்துவிடும்.

துரையின் கூடாரமும் மாறிற்று. அது பங்களாவாயிற்று. பங்களாவின் கூடத்திலே கணப்படுப்பு அமைந்தது. கூரைக்கு மேலே கற்புகைபோக்கி உயர்ந்தது. மடுல்சீமைச் சாலையிற் செல்வோர் எது பங்களா, எது லயம் என்று அறியப் புகை எழும் விதத்தைப் பார்த்தாலே போதும். பங்களாவில் அது புகைபோக்கி வழியே நேராக எழும். லயத்திலோ கூரையின் இடுக்குகள் எல்லாவற்றாலும் கசியும். இஸ்தோப்பிலோ காம்பராவின் மூலையிலோ மூட்டிய அடுப்பில், சோறு வெந்தபின் எஞ்சிய தணலே குளிருக்கு மருந்து. மிலாறு ஈரமானதாயிற் புகை மிகும். கதவைத் திறந்தால் குளிர் வரும், மூடினால் புகை நிறையும். சிப்லியின் வீரர்களுக்கு ஓர் இரும்புக் குழாய் தீர்த்துவைத்த இந்தப் பிரச்சினை, நூற்றாண்டுக்கு மேலாக இலாபம் ஈட்டிய ஒரு தொழிற்றுறைக்குத் தீர்க்க முடியாததாயிருந்ததா? ஒரு குழாயின் செலவு கணக்கில் எழுதப்படாமைக்குத் தொழில்நுட்பம் காரணமன்று. பெண்களின் கண்ணும் நெஞ்சும் தோட்டத்தின் உற்பத்திச் செலவிற் சேராதவை, காரணம் அதுவே.

இவ்விடத்துச் சொல்லாராய்ச்சி ஒன்றையும் கூறிச் செல்லலாம். படங்கு என்ற சொல் தமிழிற் கூடாரத்தையும் கூடாரச் சீலையையும் குறிப்பது. இலங்கைத் தமிழில் லொறிகளை மூடும் தடித்த சீலைக்கும் அதுவே பெயர். தோட்டத்தில் அதே சொல், கொழுந்து பறிக்கும் பெண் ஈரச்செடி உடலில் உராயாதிருக்க இடுப்பிற் சுற்றிக்கொள்ளும் சாக்குக்கு வழங்குகின்றது. துரையின் தலைக்கு மேல் இருந்த பொருள் தொழிலாளியின் இடுப்புக்கு இறங்கியது. தலைக்கு மேல் விரிக்க அவளுக்கு நேரமில்லை. நிரையை விட்டு அகலாமல், நின்ற இடத்திலேயே உடுத்துக்கொள்ளும் கூடாரம் அது. மொழி சிலவேளைகளில் வரலாற்றாசிரியனைவிட நேர்த்தியாகக் கணக்கெழுதும். 'சீமை' என்பதும் அவ்வாறே. எல்லையைக் குறித்த வடசொல், தமிழில் நாட்டுப்பகுதியாகிப் பின் துரைமாரின் தாயகத்தையும் குறித்தது. மடுல்சீமையிலே இருந்துகொண்டு துரை சீமைக்குப் போனதைப் பற்றித் தொழிலாளர் பேசினர்.

'கேம்ப்' என்ற சொல்லுக்கும் மலையக மக்களின் நினைவில் தனி வரலாறு உண்டு. தோட்டத்துக்கு ஆள்சேர்க்கப்பட்டவர்கள் கடல்கடக்குமுன் நோய்த்தடுப்புக்காக அடைக்கப்பட்டது மண்டபம் கேம்ப். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 'திரும்பி' அனுப்பப்பட்டபோது, தலைமன்னாரிற் கப்பலேறியவர்களை முதலில் ஏற்றதும் அதே மண்டபம் கேம்ப்தான். அங்கிருந்து ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைக்குப் போயினர். மீண்டும் மலை, மீண்டும் குளிர். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இந்த மாற்றங்கள் எவற்றிலும் காம்பராவின் அளவு விவாதப்பொருளாகவில்லை. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள், இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தைக்கருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. தப்பியோர் முதலிற் பாடசாலைகளிலும் பின்னர் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடமொன்றிலும் தங்கினர். மாண்டோருக்கு அனுதாபம் தெரிவித்த பத்திரிகைகள் தப்பியோரை 'முகாம்வாசிகள்' என எழுதின. அவர்கள் அதற்குமுன் வாழ்ந்ததும் முகாமே என்று எழுதியவர் சிலரே.

இலக்கியத்துக்கு மீண்டால், குளிர் அதிற் பெற்ற இடம் எவ்வளவு என்ற கேள்வி எழுகின்றது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தோட்டத்துக் கொடுமையைத் தமிழ்ச் சிறுகதையுலகுக்கு வலிமையாக அறிமுகப்படுத்திற்று. ஆயினும், அவர் தோட்டத்தைக் கண்டவரல்லர். தூரத்திலிருந்து எழுதுபவர்க்கு மேலதிகாரியின் கொடுமை தெரியும் அளவுக்கு ஈரக்கம்பளியின் கனம் தெரிவதில்லை. ஸி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்திலேயே பிறந்தவர். ஆங்கிலத்தில் எழுதியபோதும், மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தபோதும், அவர் கவனம் பெருநிகழ்ச்சிகளைவிட நாளாந்த வாழ்வின் ஓசைகளிலும் பொருள்களிலுமே தங்கியது. விடியுமுன் தப்புச் சத்தம், பெரட்டுக்களம், மூடுபனி ஆகியவை அவருக்குப் பின்வந்த மலையக எழுத்தாளரிடத்து அலங்காரமாகவன்றி வேலைநேரத்தின் அளவைகளாகவே வந்தன. நெடுநல்வாடைக் கோவலரின் கொள்ளித்தீக்கு அடுத்துத் தமிழிற் குளிர் உடலுழைப்போடு சேர்த்து எழுதப்பட்டது இவ்வெழுத்துகளிலேயே என்பது எனது கருத்து. மூடுபனியைக் கண்டதும் இயற்கை வருணனை என்று கோடிட்டுக்கொள்ளும் நம் பல்கலைக்கழகப் பாடக்குறிப்புகள் இதனை மீளப் பரிசீலித்தல் வேண்டும்.

2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட ஒரு நடைபயணம், முன்னோர் நடந்த வழியே ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. மலையக மக்கள் வந்த இருநூறாண்டை நினைவுகூர்ந்த அப்பயணிகளின் கோரிக்கைகளுள் காணியும் வீடும் முன்னின்றன. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் சில தோட்டங்களில் நிறைவேறியுள்ளது. கணிசமான குடும்பங்கள் இன்னும் லயத்திலேயே உள்ளன. தனிவீடு பெற்ற ஒரு குடும்பத்தை மடுல்சீமைக்குப் போன அதே நாளிற் சந்தித்தேன். வீட்டைச் சுற்றிக் காட்டிய முதியவர், அறைகளைவிடக் குசினியிலேயே அதிக நேரம் நின்றார். அடுப்புக்கு மேலே சீமெந்தாற் கட்டிய ஒரு சிறு புகைக்கூண்டு. "இது நாங்களே வச்சதுங்க ஐயா," என்றார். பின் கூரையை அண்ணாந்து பார்த்து, புகை எந்தப் பக்கமாகப் போகிறதென்று எனக்குக் காட்டுவதற்காகப் பேத்தியை அழைத்து இரண்டு மிலாறு போடச்சொன்னார்.